அந்தச் சத்தம் எப்போது வருகிறது?

அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்னால் மாட்டும் இன்ஜின், வைத்திருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை ஹாரனின் சத்தத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாவிப் பலகைக்கு அடியிலிருந்தோ த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பெட்டிக்குள்ளிருந்தோ ‘பீ...’ என்று மூச்சு விடாமல் ஒலிக்கும். இன்ஜின் இரைச்சலையும் காற்றையும் மீறிக் காதில் விழவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு கூர்மையாக வைத்திருக்கிறார்கள். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதைக் கேட்டால் வயிற்றைப் பிசையும்.

என் மோட்டாரில் அந்தச் சத்தம் நான்கு மாதம் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறையும் சரி செய்துவிட்டேன் என்று நம்பினேன். கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் மறுபடி ‘பீ...’. கடைசியில் பார்த்தால் வந்தது ஒரு கோளாறு அல்ல, மூன்று. மூன்றுக்கும் ஒரே குரல். அவற்றைப் பிரித்துக் காட்டியது சத்தம் எந்த நேரத்தில், எந்த நிலையில் வந்தது என்பதுதான். அதை நான் முதல் நாளிலிருந்தே கவனித்திருந்தால் பாதி நாட்கள் மிச்சமாகியிருக்கும். இதே சத்தத்தோடு யாராவது இப்போது தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

மோட்டார் மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். தனி டேங்கிலிருந்து ஆயிலைத் தானே இழுத்துப் பெட்ரோலோடு கலந்துகொள்ளும் வகை. நான் வாங்கும்போதே பல வருடம் ஓடிய மோட்டார். இதில் ஹாரன் ஒன்றுதான். இன்ஜின் அதிகம் சூடானாலும் அடிக்கும், ஆயில் டேங்க் காலியானாலும் அடிக்கும். கூடவே வேகத்தைத் தானாக நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுக்குக் குறைத்துவிடும். நாம் த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் ஏறாது.

முதல் முறை சத்தம் வந்தபோது படகு மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தூண்டில் கயிறை இழுத்துக்கொண்டு, ஆளின் நடை வேகத்தில், முக்கால் மணி நேரமாக. திடீரென்று ஹாரன். உடனே சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைப்பதற்கு முன் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டுத் துளையிலிருந்து கூலிங் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிடச் சற்று மெலிந்திருந்தது போலத் தோன்றினாலும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தேன், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பத்து நிமிடம் பொறுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. கொஞ்சம் வேகமாகவே கரைக்கு ஓட்டினேன். வழி முழுக்கச் சத்தமே இல்லை.

மெதுவாகப் போனபோது சூடாகிறது, வேகமாகப் போனால் சூடாகவில்லை. இது எனக்குத் தலைகீழாகப் பட்டது. வேகம் கூடினால்தானே சூடும் கூடும்? அதனால் ஹாரன் பொய் சொல்கிறது, எங்கோ வயர் லூஸ் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தவறு. ஏன் தவறு என்று புரிய, தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

காரில் இருப்பது போல ரேடியேட்டர் இதில் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரே கூலிங் தண்ணீர். கீழே, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் சல்லடைத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அங்கே ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் இம்பெல்லர், அதாவது இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரம், சுற்றிக்கொண்டிருக்கும். அது தண்ணீரை ஒரு நீளக் குழாய் வழியே மேலே தள்ளும். எக்ஸாஸ்ட் சுவரைச் சுற்றி, பிளாக்குக்குள் ஏறி, சிலிண்டர் ஹெட்டைக் குளிரவைத்து, குறிப்பிட்ட சூட்டில் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, புகையோடு வெளியேறிவிடும். பக்கவாட்டில் நாம் பார்க்கும் அந்தப் பீய்ச்சல், இந்தப் பெரிய ஓட்டத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் மூலம் நமக்கு அடையாளத்துக்காகப் பிரித்துவிட்டது மட்டும்தான். பல மோட்டார்களில் அதைத் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரித்துவிடுகிறார்கள். அதாவது, பம்ப் வேலை செய்கிறது என்று அது சொல்லும். ஹெட்டின் ஒவ்வொரு மூலைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: அந்தச் சின்னத் துளையில் உப்போ மண்ணோ குளவிக் கூடோ அடைத்துக்கொண்டால், உள்ளே எல்லாம் நன்றாக இருந்தும் வெளியே தண்ணீர் வராது. ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால் சரியாகிவிடும்.

‘தண்ணீர்தான் வருகிறதே’ என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்போது இம்பெல்லருக்கு வருகிறேன். மெதுவாகச் சுற்றும்போது அதன் ரப்பர் இதழ்களின் நுனி கிண்ணத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டே போகவேண்டும். அப்படித் தொட்டால்தான் தண்ணீரை அள்ளித் தள்ள முடியும். வேகம் கூடும்போது தண்ணீரின் அழுத்தமே இதழ்களை உள்நோக்கி மடக்கிவிடும். அப்போது அது விசிறியடிக்கும் பம்ப் போல வேலை செய்யும், இதழ் நுனி சுவரைத் தொடவேண்டிய அவசியம் குறைந்துவிடும். இதிலிருந்து தெரிவது, தேய்ந்துபோன இம்பெல்லர் முதலில் தோற்பது மெதுவான வேகத்தில்தான். வேகமாகப் போனால் சமாளித்துக்கொள்ளும். என் மோட்டார் அன்று செய்தது அச்சு அசலாக இதைத்தான். ஹாரன் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

இதை எனக்கு விளக்கியவர் நாற்பது வருடமாக மோட்டார் பிரிக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். நான் போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, அடிக்கும்போது எவ்வளவு ஸ்பீடு?” சொன்னேன். “இம்பெல்லர மாத்தி எத்தன வருஷமாச்சு?” எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வாங்கிய பிறகு மாற்றவே இல்லை.

கீழ்ப்பகுதியைக் கழற்றினேன். இதைச் செய்யப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே ஊற்றிவிட்டு மறுநாள் வாருங்கள். பலமாக முறுக்கினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும், அப்புறம் துளை போட்டு எடுக்கவேண்டியதுதான். கியரை எந்த நிலையில் வைத்துக் கழற்றினீர்களோ அதே நிலையில்தான் திரும்ப மாட்டவேண்டும். புதிய இம்பெல்லரைக் கிண்ணத்துக்குள் இறக்கும்போது சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவி, தண்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பிக்கொண்டே அழுத்தினால் இதழ்கள் சரியான பக்கம் சாயும். இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் அரைநிலா வடிவ இரும்புத் துண்டு மிகச் சிறியது, கிரீஸ் வைத்து ஒட்டவைத்துக்கொண்டால் நழுவாது. கடைசியாக ஒன்று, பலர் தவறவிடும் இடம் இது. மேலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயின் முனை பம்ப் மேலுள்ள ரப்பர் வளையத்துக்குள் நேராக உட்காரவேண்டும். விலகி உட்கார்ந்தால் புது இம்பெல்லர் இருந்தும் தண்ணீர் மேலே ஏறாது.

என் பழைய இம்பெல்லர் இதழ்கள் எல்லாம் ஒரு பக்கமாக மடிந்து அப்படியே விறைத்துப்போயிருந்தன. விரலால் நிமிர்த்தினாலும் திரும்ப மடிந்துகொண்டன. ஓர் இதழின் நுனி பிய்ந்துபோயிருந்தது, சுண்டுவிரல் நகத்தளவு. ரப்பர் தண்ணீரில் இருந்தால்தான் வழுக்கும், உலர்ந்து சுற்றினால் சில விநாடிகளில் கருகிக் கிழியும். முந்தைய உரிமையாளரோ நானோ எப்போதோ தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்திருக்கிறோம். புதியதைப் போட்டு மூடினேன். பிய்ந்துபோன அந்தத் துண்டு எங்கே என்று தேடவில்லை. இந்த வாக்கியத்தை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

அதன்பிறகு மெதுவாக எவ்வளவு நேரம் போனாலும் சத்தம் இல்லை. இரண்டு மணி நேரம் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பக்கவாட்டுத் தண்ணீர் பென்சில் பருமனுக்குப் பீய்ச்சியது. முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, திறந்த கடலில் முக்கால் த்ராட்டிலில் போய்க்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய இருபதாவது நிமிடத்தில், யாரோ பின்னாலிருந்து படகைப் பிடித்து இழுத்தது போல வேகம் சரிந்தது. அடுத்த கணம் ஹாரன். அணைத்தேன். பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். மெதுவாகக் கரைக்கு வந்தேன், சத்தம் இல்லை. அடுத்த வாரம் மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே வேகம், இருபது நிமிடம், ஹாரன்.

இந்த முறையும் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் கேள்வி மாறியிருந்தது. முன்பு மெதுவான வேகத்தில் வந்த சத்தம் இப்போது அதிக வேகத்தில் மட்டும் வருகிறது. அப்படியானால் இது பழைய கோளாறு மீண்டும் வந்தது அல்ல.

இந்த நேரத்தில்தான் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார்: ஹெட்டிலுள்ள வெப்பச் சுவிட்ச்சிலிருந்து ஹாரனுக்கு வரும் வயரைக் கழற்றிவிடு, சத்தமும் வராது, வேகமும் குறையாது. அந்தக் காலத்து மோட்டார்களில் ஹாரனா இருந்தது என்று கேட்டார். உண்மைதான், இருக்கவில்லை. ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் 1.5 குதிரைத்திறன் கொண்டது. எடை சுமார் 28 கிலோ. மூடி கிடையாது, ஓட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் சிலிண்டர் திறந்தபடி இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் மணமும் சத்தமும் உடனே முகத்தில் அடிக்கும். என் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு சக்தியை மூன்று சிலிண்டரில் எரிக்கிறது, ஒலி வெளியே வராத மூடிக்குள், எனக்கு மூன்று மீட்டர் பின்னால். அதன் உள்ளே நடப்பதை எனக்குச் சொல்ல அந்த ஒரு வயரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சூடு மீறினால் நடப்பது இதுதான். பிஸ்டன் அலுமினியம், அது உரசி ஓடும் சிலிண்டர் உறை வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை அளவுதான். பிஸ்டன் விரிந்து அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால், ஆயில் படலம் அறுந்து, அலுமினியம் சுவரில் இழுவி ஒட்டும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வரும் கொஞ்சம் ஆயில்தான் மொத்தப் பாதுகாப்பும். வயரைக் கழற்றிவிட்டு அந்தச் சூட்டிலும் முழு வேகத்தில் ஓட்டினால், பிஸ்டன் இறுகிப்போய் இன்ஜின் ‘சீஸ்’ ஆக நாட்கள் தேவையில்லை, நிமிடங்கள் போதும். வயரைக் கழற்றுவதை நான் ஏற்கவில்லை. சத்தம் பொய் என்று நிரூபித்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். நிரூபிக்காமல் வாயைப் பொத்துவது சரியல்ல.

நிரூபிக்க முடியும். அதற்கு ஒரு பழைய பாத்திரம், அடுப்பு, சமையலுக்கு வைக்கும் வெப்பமானி, மின் தொடர்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் போதும்.

ஹெட்டின் உச்சியில் செருகியிருக்கும் வெப்பச் சுவிட்ச் உண்மையில் மிக எளிய பொருள். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு. குறிப்பிட்ட சூட்டில் அது ‘டக்’ என்று வளைந்து இரண்டு முனைகளையும் இணைக்கும். இணைந்ததும் ஹாரனின் வயர் எர்த்தோடு சேர்ந்து சத்தம் வரும். அவ்வளவுதான். சுவிட்ச்சைக் கழற்றி, முனைகளில் மல்டிமீட்டரை மாட்டி, தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவேண்டும், இல்லையென்றால் அடுப்பின் சூட்டைத்தான் அளப்போம். 86 டிகிரி செல்சியஸில் மீட்டர் கத்தியது. அடுப்பை அணைத்து ஆறவிட்டேன். 76-க்கு இறங்கியபோது தொடர்பு விட்டது. இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. அதனால்தான் கடலில் வேகத்தைக் குறைத்ததும் சத்தம் உடனே நிற்பதில்லை. ஹெட் ஓரளவு ஆறும்வரை அது விடாது. குறைத்தும் நிற்கவில்லையே, அப்படியென்றால் சுவிட்ச்தான் கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

அதே பாத்திரத்தில் தெர்மோஸ்டாட்டையும் பார்த்தேன். அதன் வாயைக் கொஞ்சம் நெம்பித் திறந்து ஒரு நூலைக் கவ்வவைத்து, நூலைப் பிடித்துத் தண்ணீருக்குள் தொங்கவிடவேண்டும். திறக்கும் சூடு வந்ததும் நூலை விட்டுவிட்டுக் கீழே விழும். என்னுடையது 50 டிகிரியைத் தாண்டியதும் விழுந்தது, 60 வருவதற்குள் முழுதாகத் திறந்துவிட்டது. கார் இன்ஜின்களில் 80, 90 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். கடல் தண்ணீரை நேரடியாகப் பாய்ச்சும் இன்ஜினை அவ்வளவு சூட்டில் ஓடவிட்டால் தண்ணீரிலுள்ள உப்புகள் உள்சுவர்களில் படிந்துகொண்டே போகும். அதைக் குறைக்கத்தான் இவ்வளவு தாழ்வாக வைக்கிறார்கள்.

ஆக, சுவிட்ச் பொய் சொல்லவில்லை. தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே வழி, இன்ஜின் ஓடும்போது சூட்டை அளப்பது.

துப்பாக்கி போல நீட்டிப் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கினேன். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், பளபளப்பு தன் சூட்டைச் சரியாக உமிழ்வதில்லை. அதனால் ஒவ்வொரு சிலிண்டரின் ஹெட் மீதும் கறுப்பு நிற எலெக்ட்ரிகல் டேப்பில் ஒரு துண்டு ஒட்டினேன். அளப்பதைக் கரையில் தோட்டக் குழாயை மாட்டிச் செய்து பயனில்லை, அங்கே இன்ஜினுக்குச் சுமையே கிடையாது. தண்ணீரில், படகு ஓடும்போதுதான் பார்க்கவேண்டும். நண்பன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, மூடியைக் கழற்றிவிட்டு அளந்தேன். தொளதொளப்பான சட்டை, தொங்கும் கயிறு, நீள முடி எதுவும் கிட்டே வரக்கூடாது. மேலே சுற்றும் ஃப்ளைவீல் எதையும் விட்டுவைக்காது.

மெதுவான வேகத்தில் மூன்று டேப்பும் 52, 53, 53. முக்கால் த்ராட்டிலில் பத்தாவது நிமிடம்: கீழ்ச் சிலிண்டர் 57, நடு 60, மேல் 71. பதினெட்டாவது நிமிடம்: கீழே 58, நடுவே 63, மேலே 84. நண்பனிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். ஹாரன் அடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்த எண்களைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியை விளக்குவது கடினம். கோளாறு இருப்பது உறுதியானதில் என்ன நிம்மதி என்று கேட்கலாம். ஆனால் பல வாரமாக நிழலோடு சண்டை போட்டுவிட்டு, ‘மேல் சிலிண்டர், 84’ என்று ஒரு முகவரி கிடைத்தால் அப்படித்தான் இருக்கும். மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் பம்ப், சல்லடைத் துளை, அல்லது மோட்டாரை மிக உயரமாக மாட்டியதால் காற்றை உறிஞ்சுவது என்று தேடியிருப்பேன். ஒன்று மட்டும் ஏறினால் அந்த ஒன்றுக்குப் போகும் பாதையில்தான் அடைப்பு.

ஹெட் மூடியைக் கழற்றினேன். மேல் சிலிண்டரைச் சுற்றிப் போகும் தண்ணீர்ப் பாதை குறுகும் இடத்தில் அந்த ரப்பர் துண்டு உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் உப்பு கட்டிப்பட்டுக் கல்லாகியிருந்தது. ரப்பர் மட்டும் இருந்திருந்தால் தண்ணீர் சமாளித்துப் போயிருக்கும், உப்பும் சேர்ந்துதான் பாதையை முக்கால்வாசி மூடிவிட்டது. மெதுவான வேகத்தில் உண்டாகும் சூட்டுக்கு அந்தக் கால்வாசி போதும். முழுச் சுமையில் போதாது. மரக்குச்சியால் சுரண்டி, வினிகரில் ஊறவைத்துக் கழுவி, புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இரண்டு சுற்றாக முறுக்கினேன். மறுபடி டேப், மறுபடி அளவு. இருபத்தைந்து நிமிடம் முக்கால் த்ராட்டிலில் ஓடிய பிறகு 57, 58, 60.

மூன்று வாரம் அமைதி.

அப்புறம் ஒரு நாள் காலை, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, படகு அலையில் குதித்தபோது ‘பிப்’ என்றது. நின்றது. மறுபடி ‘பிப் பிப்’. இன்ஜினும் ஒவ்வொரு முறையும் விக்கியது. ஹெட்டைக் கையால் தொட்டேன், வெதுவெதுப்புதான். அது 86 டிகிரியாக இருக்க வாய்ப்பே இல்லை, இருந்தாலும் சூடு இப்படி விட்டு விட்டு அடிக்காது. பத்து டிகிரி ஆறினால்தானே சுவிட்ச் விடும்? இது உலோகம் உலோகத்தைத் தட்டும் வேகம்.

முதலில் ஆயில் டேங்கைச் சந்தேகப்பட்டேன். அதற்குள் காந்தம் வைத்த ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் இறங்கினால் மிதவை இறங்கி உள்ளே இருக்கும் சுவிட்ச்சை மூடும். டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் அலையில் ஆயில் அலைந்து மிதவை துள்ளி இப்படிச் சத்தம் வரலாம். ஆனால் டேங்க் நிரம்பியிருந்தது. மிதவையின் பிளக்கைக் கழற்றியும் ‘பிப்’ நிற்கவில்லை. அடுத்து வெப்பச் சுவிட்ச்சின் வயரைக் கழற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. இங்கேதான் விஷயம் புரிந்தது. இரண்டு சுவிட்ச்சும் இல்லாமல் ஹாரன் அடிக்கிறதென்றால், அவற்றுக்கும் ஹாரனுக்கும் நடுவே எங்கோ வயர் தானே எர்த் ஆகிறது.

எங்கே என்று கண்டுபிடித்தது தற்செயல்தான். படகைக் கட்டிவிட்டு, சாவியை ஆனில் வைத்து, இன்ஜின் ஓடாமல், ஒவ்வொரு வயராக அசைத்துக்கொண்டிருந்தேன். இடம் போதாமல் மோட்டாரை வலப்பக்கம் தள்ளித் திருப்பினேன். ஹாரன் அடித்தது. இடப்பக்கம் திருப்பினேன், நின்றது. வலம், அடித்தது. வயர்க் கட்டு மூடிக்குள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து நழுவியிருந்தது. மோட்டார் திரும்பும் ஒவ்வொரு முறையும் கட்டு தகட்டின் விளிம்பில் உரசி உரசி, இளஞ்சிவப்பு வயரின் உறை தேய்ந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. (என் மோட்டாரில் எச்சரிக்கை வயர் இளஞ்சிவப்பு. சில கம்பெனிகளில் வெளிர்பழுப்பு. கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

தேய்ந்த இடத்தில் டேப் சுற்றி விட்டுவிடத் தோன்றும். கடலில் அது நிற்காது. வெட்டிப் பார்த்தபோது செம்பு இழைகள் இரண்டு விரற்கடை தூரத்துக்குக் கறுத்திருந்தன. உப்புத் தண்ணீர் ஒரு சின்ன ஓட்டை வழியாக நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்கு நடுவே ஏறிவிடும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய படகு வயரில் ஒரு துண்டு சேர்த்து, இணைப்பை அழுத்திக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உருகும் வகைச் சுருங்கு குழாயால் மூடினேன். புது ரப்பர் வளையம் போட்டு, மோட்டார் இரு பக்கமும் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரிடமும் டூ ஸ்ட்ரோக் இருக்காது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதே ஹாரன் ஆயில் அழுத்தம் குறைந்தாலும் அடிக்கும். அந்த நேரத்தில் ஆறவிட்டுப் பார்ப்போம் என்று மெதுவாகக்கூட ஓட்டக்கூடாது, உடனே அணைக்கவேண்டும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டு இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். புதிய மோட்டார்களில் பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலும்கூட எச்சரிக்கை வரும், கணினியில் மாட்டினால் எது என்று சொல்லிவிடும். என்னுடையது போன்ற பழையவற்றுக்கு நம் கவனம்தான் கணினி.

அதனால் இப்போது படகில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். சத்தம் வந்தால் முதலில் இன்ஜினைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதுவேன்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், என்ன வேகம், விடாமல் அடித்ததா விட்டு விட்டா, வேகம் தானாகக் குறைந்ததா, மோட்டார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அணைத்து எவ்வளவு நேரத்தில் நின்றது, கூலிங் தண்ணீர் எப்படி. குளிர்ந்த இன்ஜினில் சாவியைப் போட்டதுமே அடித்தால் அது சூடாக இருக்க முடியாது, ஆயில் மிதவையையோ வயரையோதான் தேடவேண்டும். இந்த ஒரு வரிக்காகவே நோட்டு தகும்.

கடலில் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கழுவுகிறேன், தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே எல்லா இடத்துக்கும் தண்ணீர் போகும்வரை. இம்பெல்லரை மாற்றிய தேதியை மூடியின் உள்பக்கம் அழியாத பேனாவில் எழுதியிருக்கிறேன்.

இப்போது எனக்கு இருக்கும் பயம் வேறு. ஐந்து மாதமாக ஹாரன் அடிக்கவே இல்லை. சாவியைப் போட்டதும் ஒரு முறை கூவிக் காட்டும் வசதி பல மோட்டார்களில் உண்டு, என்னுடையதில் இல்லை. வயர் அறுந்துபோயிருந்தாலும் இதே அமைதிதான் இருக்கும். அதனால் மாதம் ஒரு முறை, சாவியை ஆனில் வைத்து, சுவிட்ச்சிலிருந்து அந்த இளஞ்சிவப்பு வயரைக் கழற்றி, அதன் முனையைப் பிளாக்கில் தொடுகிறேன். ‘பீ...’ என்று அடித்ததும் திரும்ப மாட்டிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கிறேன்.